நாலாம் இலக்கப் பலகை உக்கல் இல்லை, அத்தான்

என்னைவிடப் பொறுமை கூடிய என் அன்பு அத்தானுக்கு,

யூலை பன்னிரண்டு, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. பலகை எட்டு, பாய் ஐந்து, பாய்மரம் மூன்று, எலிக்கூடு ஒன்று. இரண்டு தரம் எண்ணிவிட்டேன். நீங்கள் கொண்டுவந்தது பதினொரு பலகை. மற்ற மூன்றுக்கும் என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன்.

கொடிகாமத்து வீட்டின் பின்வளவுக் கொட்டிலுக்குள் இருந்து எழுதுகிறேன். முதலாம் இலக்கப் பலகையின் மேல்தான் இருக்கிறேன். பன்னிரண்டு அடி நீளம். நீங்கள் "கப்பல்" என்று பெயர் வைத்தீர்களே, அது. அக்காவுக்கு இந்தக் கொட்டில் வேண்டுமாம். இரண்டு தையல் மெஷின் போட்டுப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கப் போகிறா. பின்னேரம் நாலு மணிக்குப் பழைய இரும்புக்காரர் லொறியோடு வருவார்.

"எல்லாத்தையும் ஏத்தி விடு. நான் வந்து பாக்கமாட்டன். நீயே பாத்து ஏத்து" என்று சொல்லிவிட்டா.

அதுதான் எண்ணத் தொடங்கினேன். எண்ணிவிட்டால் ஏற்றிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் நாலாம் இலக்கத்தைத் தூக்கினதும் கை நின்றுவிட்டது.

நான் சுற்றிவளைத்துக் கதைக்கிற ஆள் இல்லை என்று உங்களுக்குத் தெரியும். இருந்தும் இதற்கு மூன்று தாள் கிழித்துவிட்டேன். கடிதம் உங்களுக்குத்தான். ஆனால் எழுதி முடித்ததும் கச்சாய்க் கரையில், மீனவர் சங்கக் கட்டடத்துச் சுவரில் ஒட்டப் போகிறேன். நான் பொய் சொன்னது அந்தச் சுவருக்கு முன்னால், ஐம்பது பேர் பார்த்திருக்க. உண்மையை மட்டும் எப்படி உங்கள் காதுக்குள் சொல்வது?

நின்று வாசிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். என் அக்காவைக் கட்டின அத்தான் தெற்கே ஒரு கடற்கரை விடுதியில் ஆறு வருடம் சமையல்காரராக இருந்தவர். மத்தியானச் சாப்பாடு முடிந்து இரவுச் சமையல் தொடங்கும் வரைக்கும் இருந்த மூன்று மணித்தியாலத்தில், அங்கே வந்த வெள்ளைக்காரரைப் பார்த்துப் பார்த்தே பாய்ப்பலகை ஓடப் பழகினவர். பலகையில் ஏறி நின்று, அதில் பூட்டியிருக்கிற பாயைக் கையால் பிடித்துக்கொண்டு காற்றில் போவது. விடுதி புதுப் பலகைகள் எடுத்தபோது, குசினிக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்த பழசு பதினொன்றையும் கேட்டு வாங்கிவிட்டார். எங்கள் ஊர் முருங்கைக்காயை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பின லொறியில் அவை கொடிகாமம் வந்து சேர்ந்தன.

லொறி ஒழுங்கைக்குள் திரும்பின அன்று முதலில் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தது பக்கத்து வீட்டுக் குணம் மாமி. ஞாபகம் இருக்கிறதா?

"தம்பி, உதென்ன, பிரேதப்பெட்டி மூடியே?"

"இல்லை மாமி, கடல்ல ஓடுறது."

"எஞ்சின் எங்கை?"

"காத்துத்தான் எஞ்சின்."

"அப்ப காத்து இல்லாட்டி?"

"நடந்து வாறதுதான், மாமி."

மாமி பகிடி என்று நினைத்துச் சிரித்தா. ஒரு கிழமைக்குள் அது பகிடி இல்லை என்று நீங்கள் காட்டினீர்கள்.

நான் அன்று சிரிக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரி முடித்து, பைபர் படகு கட்டுகிற வேலைத்தலத்தில் சேர்ந்து நாலு மாதம். ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து, "இது வெடிப்பு, இது வளைவு, இது சும்மா குப்பை" என்று சோதனை எடுக்க வந்த ஆள் மாதிரிச் சொன்னேன். நீங்கள் ஒரு பேனையை எடுத்து நான் சொன்னதையெல்லாம் எழுதி, ஒன்றிலிருந்து பதினொன்று வரை இலக்கம் போட்டீர்கள். குப்பைக்கும் இலக்கம் போட்டீர்கள்.

இப்போது பார்க்கிறேன். மூன்றாம் இலக்கத்துக்கு நடுவால் தண்ணீருக்குள் இறங்குகிற தகடு இல்லை என்று, அக்காவின் தேங்காய் திருவுகிற திருவலைப் பலகையை அளந்து வெட்டிச் செருகினீர்களே, அது இன்னும் அதற்குள்ளேயே நிற்கிறது. அக்கா மூன்று நாள் திருவலையைத் தேடினா. மூன்று நாளும் பாலில்லாத கறி. சமையல்காரரான நீங்களே "இண்டைக்குக் கறி நல்லாயிருக்கு" என்று சொல்லிச் சாப்பிட்டீர்கள்.

இரண்டாம் பாயின் கிழிசலுக்கு யூரியாப் பை. தூரத்தில் போகும்போது பாய் தெரியாது, எழுத்துத்தான் தெரியும். "அங்கை பார், யூரியா போகுது" என்று கரையில் இராசு அண்ணை சொல்லுவார். நாற்பது வருடமாகக் கச்சாயில் வலை போடுகிற மனிசன். அவர் நீரேரியில் பார்த்த புதினம் அது ஒன்றுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்.

ஏழாம் இலக்கத்தின் அடிப்பக்கத்தில் சிவப்பு நகப்பூச்சால் "ஹெல்கா" என்று வெள்ளைக்கார எழுத்தில் எழுதி, பக்கத்தில் ஓர் இதயமும் கீறியிருந்தது.

"ஆர் உந்த ஹெல்கா?" என்று அக்கா கேட்டா.

"எனக்கென்ன தெரியும்? பலகையோடை வந்தது."

"அப்ப ஏன் அதை மட்டும் துடைச்சு வைச்சிருக்கிறியள்?"

அன்றைக்கே என்னிடம் படகுப் பெயின்ற் வாங்கி அதன் மேல் பூசினீர்கள். மூன்று மழைக்குப் பிறகு ஹெல்கா திரும்பவும் வந்துவிட்டாள். இப்போதும் இருக்கிறாள், அத்தான். உங்களைவிட அவள் உறுதி.

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பகிடியாகவே எழுதிக்கொண்டு போனால் நாலாம் இலக்கத்துக்கு வரவே மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

அந்த வருடத்துத் தென்மேற்குச் சோளகக் காற்றில் முதல் நாள் நீங்கள் முப்பத்தொரு தரம் விழுந்தீர்கள். நான் கரையில் இருந்து எண்ணினேன். அதைத் தவிர வேறு உதவி செய்யவில்லை. இரண்டாம் நாள் விழவில்லை, ஆனால் திருப்பவும் முடியவில்லை. காற்று உங்களைக் கொண்டுபோய்க் மீன் மறிக்கிற களங்கட்டி வலைத்தடிகளுக்கு அங்காலே விட்டது. தண்ணீர் இடுப்பளவுதான். பலகையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு நடந்தே வந்தீர்கள்.

"என்ன தம்பி, மாட்டை மேய்ச்சுக்கொண்டு வாறீரோ?" என்று இராசு அண்ணை கத்தினார்.

"ஓம் அண்ணை. இண்டைக்குத் தண்ணி காட்டினது காணும்!"

ஒரு மாதத்துக்குள் திருப்பப் பழகிவிட்டீர்கள். முதல் தரம் போய்த் திரும்பி வந்த நாள் வலை இழுத்துக்கொண்டிருந்த ஆட்களே இழுவையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அதுவும் நாலாம் இலக்கத்தில். பதினொன்றிலும் நல்லது அதுதான். வெள்ளையில் ஒரு மங்கின மஞ்சள் சூரியன். கரைக்கு வந்து என்னைப் பார்த்தீர்கள். நான் மணிக்கூட்டைப் பார்த்து, "ஆறு நிமிசம்" என்றேன். "நல்லாயிருந்தது" என்று சொல்ல எனக்கு என்ன நோகும்?

பிறகுதான் உங்கள் திட்டத்தைச் சொன்னீர்கள். கச்சாயில் பிள்ளைகளுக்குப் பழக்குகிற இடம் ஒன்று. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருகிற எங்கடை சனத்துக்கும் பழக்கலாம். ஆழமில்லாத தண்ணீர், நாலு மாதம் விடாத காற்று. இதைவிட என்ன வேண்டும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு ஓடிக் காட்டுவது என்று முடிவு. அக்கா புதுச் சேலை எடுத்து வைத்தா. நீங்கள் என் வேலைத்தலத்து முதலாளியையும் கூப்பிட்டீர்கள். மச்சான் வேலை செய்கிற இடம், அவர்களிடமே பலகை திருத்தக் கொடுக்கலாம் என்று.

அதற்கு ஒரு கிழமை முன்னம் நாலாம் இலக்கத்தில், நிற்கிற இடத்தில், ஒரு வெடிப்பு வந்தது. உள்ளங்கையளவு.

"மச்சான், அங்கை விடுதியிலை ரெண்டு போத்தல் கலந்துதான் ஒட்டுறவங்கள். படகு ரெசின் கூடாதெண்டு சொல்லுறவங்கள்" என்றீர்கள்.

நான் சொன்ன பதிலை ஒரு சொல் மாற்றாமல் எழுதுகிறேன். "அத்தான், நீங்கள் கறியைப் பாருங்கோ. ரெசினை எனக்கு விடுங்கோ."

நீங்கள் விட்டீர்கள்.

வேலைத்தலத்துக்குக் கொண்டுபோய், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் வெடிப்பை வெட்டித் திறந்தேன். உள்ளே வெள்ளை றெஜிபோம். மீன் ஐஸ் பெட்டி செய்கிற அதே சாமான். படகுக்குப் பாவிக்கிற ரெசினைக் கலந்து ஊற்றினேன். உள்ளே இறங்கியது. குடிக்கிறது என்று நினைத்து இன்னும் ஊற்றினேன். அதுவும் இறங்கியது. மூன்றாம் தரம் ஊற்றும்போதுதான் குனிந்து பார்த்தேன். தேத்தண்ணிக்குள் போட்ட சீனி மாதிரி றெஜிபோம் கரைந்துகொண்டிருந்தது.

படகு ரெசின் றெஜிபோமைத் தின்னும். பெற்றோல் சிந்தின ஐஸ் பெட்டிக்கு என்ன நடக்கும் என்று கச்சாய்க் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஒரு துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் விளங்கியிருக்கும். படகிலே றெஜிபோம் இல்லை. படகுக்குச் செய்கிற கை அதே மாதிரியே போய்விட்டது. கல்லூரியில் சான்றிதழ் எடுத்த கை.

பலகைக்குள் ஒரு பானை வைக்கிற அளவுக்குப் பொந்து. உங்களிடம் வந்து சொல்லியிருக்கலாம். நான் செய்தது வேறு. மேலே பைபர் மட் என்கிற நார்த்துணி இரண்டு விரித்து, ஒட்டி, தேய்த்து, வெள்ளை பூசி, மஞ்சள் சூரியனைக்கூடத் திரும்பக் கீறினேன். விரலால் தட்டினால் மேளச் சத்தம். இரண்டு மட் எழுபது கிலோவைத் தாங்கும் என்று கடுதாசியில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பாயைத் தண்ணீரிலிருந்து இழுத்துத் தூக்கும்போது ஆளின் முழுப் பாரமும் அந்த ஒரே இடத்தில் விழும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"என்ரை மச்சான் செய்தது. பாருங்கோ, புதுசு மாதிரி" என்று நீங்கள் ஒவ்வொருவருக்கும் காட்டினீர்கள்.

அந்த ஞாயிறு பத்து மணிக்கு நீங்கள் ஏறி நின்று பாயை இழுத்தீர்கள். வலது கால் தொடை வரைக்கும் பலகைக்குள் போனது. விழவும் இல்லை, வெளியே வரவும் இல்லை. காலில் பலகையை மாட்டியபடியே, ஓர் அடிக்கு ஒரு தரம் பலகையைத் தூக்கி வைத்து, நொண்டி நொண்டிக் கரைக்கு நடந்து வந்தீர்கள். ஐம்பது பேரும் சிரித்தார்கள். இராசு அண்ணை சிரிப்புத் தாங்காமல் மணலில் குந்திவிட்டார். நீங்களும் சிரித்துக்கொண்டுதான் வந்தீர்கள். என்னைக் காணும் வரைக்கும்.

முதலாளி பக்கத்தில் நின்றார். "இது ஆர் செய்த வேலை?" என்று கேட்டார்.

நான் முழங்காலில் நின்று, பொந்துக்குள் கையை விட்டு, எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: "உள்ளுக்கை உக்கிப்போச்சு. வாங்கேக்கையே உக்கல். அத்தானை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள்."

நீங்கள் குனிந்து, பொந்தின் விளிம்பை விரலால் தடவி, விரலை மூக்கில் வைத்துப் பார்த்தீர்கள். பிறகு நிமிர்ந்து முதலாளியிடம், "ஓம், நான் தான் சரியாப் பாக்காமல் கொண்டுவந்திட்டன்" என்றீர்கள்.

மணத்தைப் பிடித்தே உப்புச் சொல்லுகிற ஆள் நீங்கள். ரெசின் மணம் தெரியவில்லையா? இரண்டு வருடமாக இந்தக் கேள்வியைத் தொடாமல் சுற்றிப் போனேன்.

அக்கா அழுதுகொண்டே உங்களிடம் ஒரு வசனம் சொன்னா. அதை நான் இதில் எழுதமாட்டேன். சொன்னது அவ வாய், ஆனால் வசனம் என் பொய்யிலிருந்து வந்தது. ஒன்பதாம் நாள் நீங்கள் பழைய விடுதிக்கே சமைக்கப் போனீர்கள். மாரி தொடங்க டெங்குக் காய்ச்சல். ஐந்தே நாள்.

செத்தவீட்டில் அக்கா என்ன சொல்லிக் கத்தினா என்று வந்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். "நான் தான் துரத்தினனான், நான் தான் துரத்தினனான்." நான் பக்கத்தில் நின்று அவவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வாய்க்குள் உண்மை இருந்தது. விழுங்கினேன். போன வருடம் முதலாளி என்னைத் திருத்த வேலைப் பகுதிக்குப் பொறுப்பாக வைத்தார். அதையும் விழுங்கினேன்.

இப்போது பத்தே முக்கால். ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

நாலாம் இலக்கத்தை லொறிக்கென்று தூக்கினபோது உள்ளே ஏதோ உருண்டது. அந்த நாளுக்குப் பிறகு நான் அந்தப் பொந்துக்குள் கை விட்டதே இல்லை. கொட்டிலுக்கு வந்தாலும் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவேன். இன்று கையை விட்டேன். சீலைப்பையில் சுற்றின இரண்டு போத்தல், ஒன்று பெரிது, ஒன்று சின்னது. முத்திரை உடைக்கவில்லை. அந்த இரண்டு போத்தல் ரெசின். கூடவே நாட்காட்டித் தாள் ஒன்று, பின்பக்கத்தில் உங்கள் எழுத்து:

"பெரியது இரண்டு பங்கு, சின்னது ஒரு பங்கு. நுரை எழும்பாமல் மெதுவாகக் கிண்டவும். தேங்காய் முதற்பால் பதம் வந்தால் சரி. முதலில் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும். அவசரப்படக் கூடாது."

அதற்குக் கீழே, கோடு போட்டு: "மச்சான் கேட்டால் கொடுக்க."

தாளின் முன்பக்கத்துத் திகதி, அந்த ஞாயிறுக்குப் பிறகு வந்த வியாழன்.

அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். லொறிக்காரரிடம் சொல்லித் தெற்கிலிருந்து எடுப்பித்து, நான் கை வைத்துக் கரைத்த பொந்துக்குள்ளேயே வைத்துவிட்டு, இன்னும் ஐந்து நாள் வீட்டில் இருந்தீர்கள். ஐந்து நாளும் எனக்குச் சாப்பாடு போட்டீர்கள். நான் கேட்பேன் என்று பார்த்துக்கொண்டா இருந்தீர்கள்? முதலாளிக்கு முன்னால் என் வேலை போய்விடும் என்று வாயை மூடினீர்கள், சரி. அக்காவுக்கு முன்னால் ஏன் மூடினீர்கள்? ஒரு தரம் என்னைப் பிடித்து உலுக்கியிருக்கக் கூடாதா?

இதை எழுதிக்கொண்டிருக்க அக்கா தேத்தண்ணியோடு வந்தா. கொட்டிலுக்குள் வரவில்லை. வாசலில் நின்றா. இரண்டு வருடமாக அவ இதற்குள் கால் வைத்ததில்லை.

"ஏத்த ஆள் பிடிக்கோணுமோ?"

"வேண்டாம்."

"பிறகேன் உப்பிடிக் குந்திக்கொண்டிருக்கிறாய்?"

"அக்கா, இந்தப் பலகை உக்கல் இல்லை."

"எந்தப் பலகை?"

"அண்டைக்கு உடைஞ்சது. வரேக்கை நல்லாத்தான் வந்தது. நான் தான் பழுதாக்கினனான். என்ரை ரெசின்தான் உள்ளுக்கிருந்ததைக் கரைச்சது. அண்டைக்கே எனக்குத் தெரியும்."

கோப்பையை நிலத்தில் வைத்தா. ஒரு சொட்டும் சிந்தவில்லை.

"அவருக்குத் தெரியுமோ?"

தாளைக் கொடுத்தேன். உதட்டை அசைத்து அசைத்து வாசித்தா. "முதற்பால் பதம்" என்ற இடத்தில் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா வேறையா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ அவரிட்டைக் கேட்டனியே?"

"இல்லை."

"செத்தவீட்டிலை நான் கத்தினது உனக்குக் கேட்டதெல்லோ?"

"கேட்டது."

"பக்கத்திலைதானே நிண்டனி."

"ஓம்."

"ரெண்டு வருசம், நிரோ."

அவ்வளவுதான். தாளை மடித்துக் கையோடு கொண்டுபோய்விட்டா. அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். குசினியில் பாத்திரச் சத்தம்கூட இல்லை. தேத்தண்ணி ஆறி, இலையான் விழுந்தது.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க லொறி வந்தது. நான் எழும்பமுன் அக்கா படலைக்குப் போய்விட்டா. "ஏத்துறதுக்கு ஒண்டும் இல்லை, அண்ணை. பிழையாச் சொல்லிப்போட்டம்" என்று அனுப்பிவிட்டு, நேரே கொட்டிலுக்குள் வந்தா. உள்ளே. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, மூன்றாம் இலக்கத்தில் திருவலைப் பலகையைத் தொட்டா. ஏழாம் இலக்கத்தைப் பிரட்டினா.

"நீயும் இன்னும் இருக்கிறியோ?" என்று ஹெல்காவைப் பார்த்துக் கேட்டா.

பிறகு, என்னைப் பாராமலே: "என்ன எழுதுறாய்?"

"அத்தானுக்கு. சங்கச் சுவரிலை ஒட்டப் போறன்."

"நான் அண்டைக்குச் சொன்னதையும் எழுதினியே?"

"இல்லை."

"எழுது. அதுவும் அந்தச் சுவருக்கு முன்னாலைதான் சொன்னது. உன்ரை பங்கை மட்டும் ஒட்டி நல்லபிள்ளை ஆகாதை."

எழுதுகிறேன். அக்கா அன்று சொன்னது: "ஊர் சிரிக்குது. சமைக்கத் தெரிஞ்ச ஆள் சமைக்கவே போங்கோ."

சொல்லிவிட்டு அவ போய்விட்டா. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. இப்போது ஐந்தரை.

விட்டுப்போன கணக்கையும் சொல்கிறேன். ஒன்பதாம் இலக்கத்தில் குணம் மாமி பனங்கிழங்கைப் பிளந்து ஒடியல் காயப்போடுகிறா. பத்தாம் இலக்கத்தில் இராசு அண்ணை மீன் வெட்டுகிறார். வழுக்காத மேசை என்று ஊரெல்லாம் சொல்கிறார். பதினோராவது மழைக்கு ஒழுங்கை வாய்க்காலுக்குப் பாலம், வெயிலுக்கு ஆட்டுக்குக் கட்டில். நான் குப்பை என்று தள்ளின மூன்றும் அவைதான். மூன்றும் வேலையில் இருக்கின்றன. நான் திருத்தினதுதான் கிடக்கிறது.

"மச்சான் கேட்டால் கொடுக்க" என்று எழுதினீர்கள். பிந்தித்தான் கேட்கிறேன். அத்தான், அந்தப் போத்தலைத் தாங்கோ.

இனி நான் செய்யப் போவது:

1. நாளைக் காலை வேலைக்குப் போகமுன் இதை ஒட்டுவேன். ஒரு பிரதி முதலாளிக்கு. மேசையில் வைத்துவிட்டு ஓடமாட்டேன். வாசித்து முடிக்கும் வரைக்கும் முன்னால் நிற்பேன்.

2. போத்தல் இரண்டு வருடப் பழசு. ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, ஒரு முழு நாள் பொறுத்துப் பார்ப்பேன். சரிவராவிட்டால் புதிது எடுப்பித்து, அதற்கும் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பேன்.

3. நாலாம் இலக்கத்தை முழுதாகத் திறந்து, நான் ஊற்றினதையெல்லாம் வெட்டி எடுத்து, புது றெஜிபோம் வைத்து ஒட்டுவேன். இரண்டு பங்கு, ஒரு பங்கு, முதற்பால் பதம். பதத்தை அக்காவிடம் காட்டிக் கேட்பேன், அவ பார்க்கச் சம்மதித்தால்.

4. திருவலைப் பலகையை மூன்றாம் இலக்கத்திலேயே விடுவேன். ஹெல்காவைத் தொடமாட்டேன்.

5. அக்காவாகக் கதைக்கும் வரைக்கும் "மன்னிச்சிட்டியோ" என்று கேட்கமாட்டேன். கேட்டால் அதுவும் என் அவசரம்தான்.

6. சோளகம் ஓயமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, கச்சாயில், நாலாம் இலக்கத்தில் நீங்கள் கால் வைத்த இடத்தில் என் காலை வைத்துப் பாயை இழுப்பேன். எனக்கு ஓடத் தெரியாது. முப்பத்தொரு தரம் விழுவேன், யாரும் எண்ணலாம். பலகை தாங்கினால் அது உங்கள் போத்தல். தாங்காவிட்டால் பலகையைக் காலில் மாட்டியபடியே கச்சாய் வீதியால் நடந்து, கொடிகாமம் சந்தைக்குள்ளால் வீட்டுக்கு வருவேன். இந்த முறை எல்லோரும் சரியான ஆளைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

கேட்கப் பிந்தின உங்கடை மச்சான்,
நிரோஜன்